ஒன்றாம் பின் எங்கே?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், அடையாற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் பெரிய ஏரியோடு இருக்கிறது மணிமங்கலம். வரலாறு படித்தவர்களுக்கு இது ஒரு போர்க்களத்தின் பெயர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த இடங்களாகக் கூரம் செப்பேடு சொல்லும் மூன்று ஊர்களில் இதுவும் ஒன்று. இன்று இந்தச் சாலையில் ஷிப்ட் மாறும் நேரங்களில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன. வடமேற்கே ஸ்ரீபெரும்புதூரும், மேற்கே சுங்குவார்சத்திரமும், தென்மேற்கே ஒரகடமும் இருக்கின்றன. கார், செல்போன், சார்ஜர், சர்வர் என்று எது செய்தாலும் அதற்குள்ளே பச்சை நிறத்தில் ஒரு போர்டு இருக்கும். அந்த போர்டில் பாகங்களைப் பதிப்பது இந்தப் பகுதியின் பெரிய தொழில்களில் ஒன்று.

அப்படிப் பாகங்களைப் பதிக்கும் ஓர் எஸ்.எம்.டி. லைனின் தலைமாட்டில் வெற்று போர்டு உள்ளே போகிறது. ஸ்டென்சில் வழியாக சால்டர் பேஸ்ட் பூசப்படுகிறது. அடுத்த மெஷின் ரீல்களிலிருந்து பாகங்களை உறிஞ்சி எடுத்து, கண் இமைப்பதற்குள் பேஸ்ட் மேல் வைக்கிறது. டி7 என்ற டயோடைப் பற்றி அந்த மெஷினுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்த ஃபீடரில் இருக்கிறது, எக்ஸ் எவ்வளவு, ஒய் எவ்வளவு, எத்தனை டிகிரி திருப்ப வேண்டும். மின்சாரம் அதில் எந்தப் பக்கமாகப் போகும் என்பது அதற்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை.

தெரிந்தவர், அந்த போர்டை வடிவமைத்தவர், வேறெங்கோ இருக்கிறார். அவர் வரைந்த ஸ்கீமாட்டிக்கில், அதாவது சுற்று வரைபடத்தில், அந்த டயோடு ஒரு முக்கோணம், அதன் நுனியில் ஒரு குறுக்குக் கோடு. அது ஒரு சின்னம், சிம்பல். போர்டில் அதே டயோடு இரண்டு செவ்வகச் செப்புத் திட்டுகள். அது ஃபுட்பிரின்ட். முக்கோணத்துக்கும் திட்டுக்கும் உருவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. இந்த முனைதான் அந்தத் திட்டு என்று யாரோ ஒருவர், எப்போதோ ஒரு தடவை, முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். அந்த முடிச்சை யார் போடுவது, எங்கே எழுதி வைப்பது என்பதில் எண்பது ஆண்டு காலம் தொழில் பட்ட பாடு சின்னதல்ல.

முடிச்சு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு மூன்று சாமான்களே போதும். 7805 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் எல்லாப் பாலிடெக்னிக் லேபிலும் உண்டு. மூன்று கால்கள்: முதல் கால் உள்ளீடு, நடுக்கால் கிரவுண்ட், மூன்றாவது வெளியீடு. அதன் தம்பியான 7905, மைனஸ் ஐந்து வோல்ட் தருவது, அதே உடம்பில்தான் வருகிறது. ஆனால் அதில் முதல் கால் கிரவுண்ட், நடுக்கால் உள்ளீடு. எல்.எம்.317 என்பதோ இன்னொரு விதம்: முதல் கால் அட்ஜஸ்ட், நடுக்கால் வெளியீடு, மூன்றாவது உள்ளீடு. ஃபுட்பிரின்ட் மூன்றுக்கும் ஒன்றுதான். சிம்பலும் ஏறக்குறைய ஒரே பெட்டிதான். மாறுவது பெட்டியின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்கள் மட்டுமே. 7805-இன் சிம்பலை எடுத்து, பெயரை மட்டும் 7905 என்று மாற்றி வைத்தால், சாஃப்ட்வேர் எந்தக் குறையும் சொல்லாது. போர்டு அழகாக அச்சாகி வரும், கரண்ட் கொடுத்ததும் புகையும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிரான்சிஸ்டர் வாங்கிய மாணவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். பிசி547-ஐத் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-ஐ அதே மாதிரி வைத்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிஎன்2222ஏ ஒரு வரிசை, முன்னால் எழுத்து இடம் மாறிய பி2என்2222ஏ அதற்கு நேர் எதிர் வரிசை. கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு பிளாஸ்டிக் துண்டு.

வால்வு ரேடியோ காலத்தில் இந்த முடிச்சு வயர்மேனின் கையில் இருந்தது. எட்டுக் கால் வால்வின் சாக்கெட்டை அடியிலிருந்து பார்த்து, நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். வரைபடத்தில் வால்வின் வட்டத்துக்கு வெளியே அந்தக் கால் எண்களைச் சிறியதாக எழுதியிருப்பார்கள். சேசிஸைக் கவிழ்த்துப் போட்டு, எண்ணைப் பார்த்து, வயரை சால்டர் செய்வார் அவர். இன்றைய ஐ.சி.க்களின் கால்களை மேலிருந்து பார்த்துக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் எண்ணுகிறார்கள். இரண்டும் ஒரே சுற்றுதான். பார்க்கும் பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

பால் ஐஸ்லர் 1940-களில் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய அச்சுச் சுற்று, வயரை ஒழித்தது. வயர்மேனின் தலையிலிருந்த அறிவு இப்போது முன்கூட்டியே ஒரு படத்துக்குள் போக வேண்டியதாயிற்று. படத்தில் ஒன்று தவறினால் ஆயிரம் போர்டும் தவறும். அந்தப் படத்தைப் போட லேஅவுட் என்ற ஒரு புதுத் தொழில் பிறந்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அதைக் கையால்தான் செய்தார்கள். ஒளி மேசை மேல் சுருங்காத மைலார் ஷீட்டை விரிப்பார்கள். நிஜ அளவுக்கு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ பெரிதாக, கறுப்பு டேப்பைக் கத்தியால் வெட்டி ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு வட்ட ஸ்டிக்கர். பதினான்கு கால் ஐ.சி.க்கு, கால்களின் இடைவெளி பிசகாமல் அச்சிட்ட தனி ஸ்டிக்கரே கடையில் கிடைத்தது. இரண்டு பக்கம் செம்பு உள்ள போர்டு என்றால் ஒரே ஷீட்டில் சிவப்பு டேப்பும் நீல டேப்பும் ஒட்டுவார்கள். கேமராவில் ஃபில்டர் போட்டு இரண்டையும் பிரித்துப் படமெடுத்துச் சுருக்குவார்கள். ஃபுட்பிரின்ட் என்று இன்று கணினியில் சொல்வது, அன்று ஒரு தாளிலிருந்து உரித்தெடுத்த ஸ்டிக்கர்.

சரிபார்ப்புதான் அந்த வேலையின் உயிர். ஸ்கீமாட்டிக்கின் பிரதி ஒன்றை மேசையில் வைத்து, ஒருவர் கால் எண்ணைப் படிக்க, இன்னொருவர் மைலாரில் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போவார். பொருந்திய ஒவ்வொரு இணைப்பையும் மஞ்சள் பென்சிலால் ஸ்கீமாட்டிக்கில் தீட்டுவார்கள். கடைசியில் தாள் முழுக்க மஞ்சளாக வேண்டும். வெள்ளையாக எங்காவது ஒரு கோடு மிச்சமிருந்தால் போர்டில் அந்த இணைப்பு இல்லை என்று அர்த்தம். சிம்பலும் ஃபுட்பிரின்டும் சந்தித்தது அந்த இரண்டு மனிதர்களின் குரலில்தான்.

இந்தியாவில் இதை ஒரு பாடமாக ஒழுங்குபடுத்திய இடம் பெங்களூர். இந்திய அறிவியல் கழகத்தில் 1970-களில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய மின்னணு வடிவமைப்பு, தொழில்நுட்ப மையத்திலிருந்துதான், அதாவது சி.இ.டி.டி.யிலிருந்துதான், பிசிபி பற்றி, அதாவது அச்சுச் சுற்று போர்டு பற்றி, வால்டர் பாஸ்ஹார்ட் எழுதிய புத்தகம் வந்தது. டாடா மெக்ரா ஹில் 1983-இல் வெளியிட்டது. தென்னிந்திய இன்ஜினியரிங் கல்லூரி நூலகங்களில் அட்டை பிய்ந்து கிடந்த அந்தப் புத்தகத்தில்தான் இரண்டு தலைமுறை மாணவர்கள் லேஅவுட் என்றால் என்ன என்று படித்தார்கள்.

அதே வருடங்களில் டேப்புக்கு முடிவு காலம் நெருங்கிவிட்டது. 1980, 81-இல் அமெரிக்காவில் டெய்சி, மென்டர், வேலிட் என்று மூன்று கம்பெனிகள் கிளம்பி, ஸ்கீமாட்டிக்கைத் திரையில் வரைய வைத்தன. 1985-இல் ஆரிகன் மாநிலத்தில் ஆர்கேட், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நிக் மார்டினின் புரோடெல், இரண்டும் சாதாரண பி.சி.யில் ஓடும் மலிவான சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தன. புரோடெல்தான் பின்னால் ஆல்டியம் ஆனது.

திரையில் வரைந்த படத்திலிருந்து கணினி ஒரு பட்டியலை எழுதித் தந்தது. அதற்கு நெட்லிஸ்ட் என்று பெயர். யு1-இன் மூன்றாம் காலும் ஆர்4-இன் இரண்டாம் காலும் ஒரே நெட், என்று வரி வரியாகப் போகும். படம் காணாமல் போய், பெயரும் எண்ணும் மட்டும் மிஞ்சும். லேஅவுட் புரோகிராம் அதை வாசித்து, எந்தத் திட்டை எந்தத் திட்டோடு இணைக்க வேண்டும் என்று ரப்பர் மாதிரி மெல்லிய கோடுகளைக் காட்டும். மஞ்சள் பென்சிலின் வேலையை இந்தப் பட்டியல் எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒரு கேள்வி அப்படியே இருந்தது. ஆர்4 என்பது எந்த ஃபுட்பிரின்ட்? அதை எங்கே எழுதுவது? ஆர்கேட்டின் ஸ்கீமாட்டிக் புரோகிராமான கேப்சரில் ஒவ்வொரு பாகத்துக்கும் பிசிபி ஃபுட்பிரின்ட் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இருப்பது வெறும் எழுத்து. லேஅவுட் புரோகிராம் அந்தப் பெயரைத் தன் சொந்த லைப்ரரியில் தேடும். ஓர் எழுத்து பிசகினால் கிடைக்காது. கிடைக்காமல் போவது நல்லது, உடனே தெரிந்துவிடும். அதே பெயரில் வேறு அளவு ஃபுட்பிரின்ட் ஒன்று கிடைத்துவிடுவதுதான் ஆபத்து.

ஜெர்மனியின் கேட்சாஃப்ட் 1988-இல் கொண்டுவந்த ஈகிள் இதற்கு வேறு வழி பிடித்தது. அதன் லைப்ரரியில் சிம்பல் ஒன்று, பேக்கேஜ் ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டிய டிவைஸ் மூன்றாவது. இந்தக் கால் அந்தத் திட்டு என்ற கட்டு டிவைஸில்தான் இருக்கும். ஸ்கீமாட்டிக்கில் டிவைஸை வைத்த மாத்திரத்தில் போர்டிலும் அதன் ஃபுட்பிரின்ட் வந்து உட்கார்ந்துவிடும். நெட்லிஸ்ட் என்ற இடைத்தரகர் தேவையில்லை. வீட்டிலிருந்தே போர்டு செய்கிற உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் ஈகிளைக் கொண்டாடியதற்கு இது பெரிய காரணம். 2016-இல் அதை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூன் 7-ஓடு அதை நிறுத்துவதாக அறிவித்தது.

பிரான்சின் கிரெனோபிளில் கல்லூரி ஆசிரியராக இருந்த ழான்-பியர் ஷராஸ் 1992-இல் எழுதத் தொடங்கிய கீகேட், நேர் எதிர்த் திசையில் போனது. ஸ்கீமாட்டிக் வரையும்போது அன்றைய கீகேட்டில் ஃபுட்பிரின்டைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. ரெசிஸ்டர் என்றால் ரெசிஸ்டர், அவ்வளவுதான். வரைந்து முடித்து, நெட்லிஸ்ட் எடுத்த பிறகு, சி.வி.பிசிபி என்ற தனிப் புரோகிராமைத் திறக்க வேண்டும். இடப்பக்கம் சர்க்யூட்டில் உள்ள பாகங்கள் வரிசையாக நிற்கும். வலப்பக்கம் லைப்ரரியில் உள்ள ஃபுட்பிரின்ட்கள் நிற்கும். இடப்பக்கம் ஒன்றைத் தொட்டு, வலப்பக்கம் ஒன்றை இரட்டைக் கிளிக் செய்தால் முடிச்சு விழும். எட்டுக் கால் ஐ.சி.யைத் தேர்ந்தால் எட்டுத் திட்டு உள்ளவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொல்லலாம். போட்ட முடிச்சுகள் எல்லாம் தனியாக ஒரு சிறு கோப்பில் சேமிக்கப்படும்.

முதல் தடவை இதைப் பார்ப்பவருக்கு வீண் வேலையாகத் தோன்றும். கற்றுக்கொடுப்பவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஒரு கெபாசிட்டரின் சின்னம் ஒன்றுதான், ஆனால் உடம்பு நூறு விதம், அதில் எது என்று தீர்மானிப்பது வடிவமைப்பாளரின் பொறுப்பு என்பதைச் சி.வி.பிசிபி ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேட்டது. ஓர் ஆசிரியர் எழுதிய சாஃப்ட்வேர் என்பது இதில் தெரிகிறது. 2013 முதல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் கைகொடுத்து, கீகேட் பெரிதாக வளர்ந்தது. 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஸ்கீமாட்டிக்கிலிருந்து நேராக போர்டைப் புதுப்பிக்க முடிந்தது. முடிச்சு இப்போது சிம்பலிலேயே ஒரு கட்டமாக ஏறிவிட்டது. சி.வி.பிசிபி மட்டும் வேறு பெயரில் இன்னும் உள்ளே இருக்கிறது.

சாஃப்ட்வேர் எதுவானாலும் அடியில் இருக்கும் விதி ஒன்றே: சிம்பலின் கால் எண்ணும் ஃபுட்பிரின்டின் திட்டு எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கீகேட்டின் வழக்கப்படி டயோடின் கேத்தோடு ஒன்றாம் கால். சிம்பலை ஒருவர் 1, 2 என்று எண்ணிட்டு, ஃபுட்பிரின்டை இன்னொருவர் ஏ, கே என்று எழுத்திட்டிருந்தால் இணைப்பே விழாது. இருவரும் எண்ணிட்டு, ஒருவர் ஆனோடை 1 என்று நினைத்திருந்தால் எல்லா டயோடும் தலைகீழாக உட்காரும். டிரான்சிஸ்டருக்காக அதே சின்னத்தைக் கால் வரிசை மட்டும் மாற்றி, பி-இ-சி, இ-பி-சி, சி-பி-இ என்று தனித்தனியாக லைப்ரரியில் வைத்திருப்பது இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போர்டில் உள்ள ஒரு ஃபுட்பிரின்ட், ஸ்கீமாட்டிக்கில் உள்ள எந்தச் சிம்பலுடையது என்பதைச் சாஃப்ட்வேர் எதை வைத்து அடையாளம் காண்கிறது? ஆர்4 என்ற பெயரை வைத்து என்றால், ஒரு நாள் வடிவமைப்பாளர் எண்களை எல்லாம் ஒழுங்குபடுத்திப் புதிதாக இட்டால் என்ன ஆகும்? பழைய ஆர்4 இப்போது ஆர்9. போர்டில் இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வேறு ரெசிஸ்டர் வந்து உட்காரும்.

மணிமங்கலத்தின் கல்வெட்டுகளில் இதே சங்கதி இருக்கிறது. ராஜகோபாலப் பெருமாள் கோவில் சுவரிலுள்ள சோழர் சாசனங்களை ஹுல்ட்ஷ் 1899-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். அவற்றில் இந்த ஊர் ஒரு காலத்தில் லோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம், பிறகு ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம், அதற்கும் பிறகு பாண்டியனை இருமடி வென்கொண்ட சோழச் சதுர்வேதிமங்கலம். அரசர் மாற மாறப் பெயர் மாறியது. நிலம் அதே நிலம், ஏரி அதே ஏரி. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் மூன்று ஊர் என்று நினைத்துவிடுவார். பழைய கீகேட் இதற்காகவே, ஒரு சிம்பலை வைத்த நேரத்தை அதற்குள் பதித்து, பெயர் என்ன மாறினாலும் அந்த முத்திரையைக் கொண்டு ஃபுட்பிரின்டைக் கண்டுபிடித்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு நீளமான தனி அடையாள எண் இருக்கிறது. பெயரைக் கொண்டு மறுபடி இணைக்கும் வழியும் உண்டு. ஆனால் அதைத் தனியாக டிக் செய்தால்தான் நடக்கும்.

ஃபுட்பிரின்டின் அளவுகளுக்கு நெறிமுறை தந்தது ஐ.பி.சி. என்ற அமெரிக்கத் தொழிலமைப்பு. 1987-இல் எஸ்.எம்.782, 2005-இல் 7351. பின்னதன் முறைப்படி பெயரைப் படித்தாலே உடம்பு தெரிந்துவிடும். எஸ்.ஓ.ஐ.சி.127பி600எக்ஸ்175-8என் என்றால் கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், கால் முனைக்கு முனை 6 மில்லிமீட்டர், உயரம் 1.75, கால்கள் எட்டு. இவ்வளவு தெளிவு இருந்தும் 0603 இன்றும் ஆட்களை ஏமாற்றுகிறது. அங்குலக் கணக்கில் 0603 என்பது 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள ரெசிஸ்டர். மெட்ரிக் கணக்கில் அதே 0603 என்பது 0.6 மில்லிமீட்டர், மணல் துகள் போன்றது. பெரிய திட்டில் சிறிய பாகம் வந்தால், சால்டரை உருக்கும் அடுப்பில் ஒரு பக்க சால்டர் முந்தி உருகி, பாகத்தைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்திவிடலாம்.

இனி ஆலை வாசல். வடிவமைப்பாளர் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய முடிச்சு, கோப்பு வெளியே போகும் நிமிடத்தில் அறுந்துவிடுகிறது. செப்பு வடிவத்தைச் சொல்லும் கெர்பர் கோப்பு 1980-இல் முறைப்படுத்தப்பட்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு செவ்வகம் என்பது மட்டும்தான். அது எந்தப் பாகத்தின் எந்தக் கால் என்ற குறிப்பைச் சேர்க்க 2014-இல் யுகாம்கோ கம்பெனி எக்ஸ்2 என்ற நீட்டிப்பையும், 2020-இல் எக்ஸ்3-ஐயும் கொண்டுவர வேண்டியிருந்தது. பல இடங்களில் இன்றும் ஆலைக்கு வருவது மூன்று தனித்தனிக் கோப்புகள்: கெர்பர், பொருள் பட்டியல், இடமும் கோணமும் சொல்லும் பட்டியல். மூன்றையும் சேர்க்கும் நூல் டி7, ஆர்4 என்ற அந்தச் சிறு பெயர்கள்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 ஜனவரியில் போன் உற்பத்தியைத் தொடங்கியபோது, பாகங்களைப் பதிக்கும் இந்த வேலை ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் வாழ்க்கையாயிற்று. 2014 நவம்பரில் ஆலை நின்றது. பிறகு அந்த இடத்தைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. பெட்டியிலேயே கலிபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதிக்கு ஃபுட்பிரின்ட் வந்திருக்கிறது. சிம்பல் பெரும்பாலும் கடல் கடந்தே தங்கிவிட்டது.

அதனால் இங்கே வளர்ந்த திறமையும் அந்த முடிச்சின் இந்த முனையைச் சார்ந்தது. கோணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஐ.சி.யின் பூஜ்ஜியம் டிகிரி எது? ஒன்றாம் பின், அதாவது முதல் கால், இடது மேல் மூலையில் இருப்பதா, இடது கீழ் மூலையில் இருப்பதா? ஐ.பி.சி.யும், ஐ.ஈ.சி. என்ற சர்வதேசத் தர அமைப்பும் இதில் ஒன்றுபடவில்லை. ரீலில் பாகம் அடைபட்டிருக்கும் திசை மூன்றாவது விதமாக இருக்கலாம். ஆகவே புது மாடல் லைனுக்கு வந்தால் முதல் போர்டை அடுப்புக்கு அனுப்பாமல் நிறுத்தி, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு ஐ.சி.யின் புள்ளியும் போர்டில் அச்சான புள்ளியும் பொருந்துகிறதா, ஒவ்வொரு டயோடின் கோடும் சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தப்பாக இருந்தால் கோணத்தைத் தொண்ணூறோ நூற்றெண்பதோ திருத்தி மெஷினில் ஏற்றுகிறார்கள். எங்கோ ஒரு லைப்ரரியில் யாரோ செய்த தவறை முதலில் கண்டுபிடிப்பவர் பல நேரம் இந்த லைனில் நிற்கும் டெக்னீஷியன்தான். இந்த அறிவுக்குச் சம்பளப் பட்டியலில் தனிப் பெயர் இல்லாதது ஒரு குறையே.

மற்ற முனையை, அதாவது வடிவமைப்பை, இங்கே கொண்டுவரும் முயற்சிகளில் முக்கியமானது பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாசீ திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் தலைமையில் அங்கே உருவான ஈசிம், கீகேட்டையும், சுற்றைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸையும் சேர்த்து ஒரே சாஃப்ட்வேராகக் கட்டியது. ஆஸ்கேட் என்பது அதன் பழைய பெயர். லைசென்ஸ் காசு கொடுக்க முடியாத கல்லூரிகளுக்காக அதை இலவசமாகக் கொடுத்தார்கள். அதே ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் சாஃப்ட்வேர் பாடங்களைத் தருகிறது. அதன் கீகேட் வரிசையில் ஒரு முழுப் பாடமே பாகங்களை ஃபுட்பிரின்டோடு இணைப்பது பற்றியது. 555 ஐ.சி.யை வைத்து ஓர் ஆஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர், சி.வி.பிசிபி திரை, ஒவ்வொன்றாக இரட்டைக் கிளிக். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாடம். ஒரகடத்தில் வேலை தேடும் டிப்ளமோ மாணவர் ஒருவர் கற்க வேண்டியவற்றில் இதற்கு முதல் இடம் தரலாம்.

வெற்று போர்டையே இங்கே செய்வதற்கும் இப்போது பணம் வருகிறது. மின்னணு உதிரிபாகத் தயாரிப்புக்காக மத்திய அமைச்சரவை 2025 மார்ச் 28-இல் 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அக்டோபரில் அனுமதி பெற்ற முதல் ஏழு திட்டங்களில் ஐந்து தமிழ்நாட்டுக்கு. அவற்றில் பல அடுக்கு போர்டு ஆலைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஆலையில் வாடிக்கையாளரின் கோப்பை முதலில் திறப்பவர், கணினி வழி உற்பத்தியைக் கவனிக்கும் கேம் இன்ஜினியர். அவர் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, கெர்பரிலுள்ள செப்பு வடிவங்களைத் தொடர்ந்து போய், எந்தத் திட்டு எந்தத் திட்டோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு நெட்லிஸ்டைத் திரும்ப உண்டாக்கி, வடிவமைப்பாளர் அனுப்பிய நெட்லிஸ்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது.